ஆன்டிவைரஸ் வாங்கப் போறீங்களா? காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட்டைப் பண்ணுங்க!

வணக்கம் மக்களே! ரிச்சி ஸ்ட்ரீட்ல புது கம்ப்யூட்டர் வாங்கறீங்க. பில் போடறப்ப கடைக்காரர் கேப்பார்: "ஆன்டிவைரஸும் சேர்த்துடவா சார்?" சரின்னு தலையாட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். உங்க விண்டோஸ்லயே ஒரு ஆன்டிவைரஸ் இலவசமா இருக்கு. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். வெளியில இன்னொண்ணு வாங்கிப் போட்டீங்கன்னா, இது தானா ஒதுங்கிடும். ரெண்டு மடங்கு பாதுகாப்பு கிடைக்காது மக்களே, ஒண்ணு போய் இன்னொண்ணு வருது, அவ்ளோதான்.

வரலாறு வேகமா: 1986-ல லாகூர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேர் எழுதின 'பிரெயின்'தான் பிசிக்கு வந்த முதல் வைரஸ். 2012-ல வந்த விண்டோஸ் 8-ல இருந்து டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸா உள்ளேயே வருது. போதும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வருவோம்.

(திரையில்: ஐகார் தளம்)

நம்ம ஆன்டிவைரஸ் உண்மையிலேயே முழிச்சிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அதுக்கு நிஜ வைரஸை உள்ள விட முடியுமா? வேண்டவே வேண்டாம். ஐகார்னு ஒரு ஐரோப்பிய அமைப்பு இதுக்குன்னே ஒரு குட்டி ஃபைல் வச்சிருக்கு. எழுத்தும் குறியும் சேர்த்து மொத்தமே 68. அதுல வைரஸே கிடையாது. விண்டோஸுக்கு முன்னாடி இருந்த பழைய டாஸ் சிஸ்டத்துல ஓட்டினா, 'இது டெஸ்ட் ஃபைல்'னு ஒரு வரி காட்டும், முடிஞ்சுது. ஆனா ஆன்டிவைரஸ் கம்பெனிங்க எல்லாம் பேசி வச்சுக்கிட்டு, இதைப் பார்த்ததும் வைரஸைப் பிடிச்ச மாதிரியே பிடிக்கும். புது சிலிண்டர் மாட்டினதும் ரெகுலேட்டர்ல சோப்பு நுரை தடவிப் பார்ப்போமே, அந்த மாதிரிதான் இது.

ஐகார் தளத்துக்குப் போய் டவுன்லோட் பண்ணுங்க. உடனே எச்சரிக்கை வரணும். சில சமயம் பிரவுசரே தடுத்துடும், அதுவும் நல்லதுதான். இதையே ஜிப்புக்குள்ள ஜிப்பா சுருட்டியும் அங்க வச்சிருக்காங்க, அதையும் பிடிக்குதான்னு பாருங்க. எத்தனை அழகான யோசனை பாருங்க! ஒண்ணு மட்டும், ஆபீஸ் லேப்டாப்ல பண்ணாதீங்க, ஐடி டீமுக்கு அலர்ட் போயிடும். இன்னொண்ணு, இதுல பாஸ் ஆனா ஆன்டிவைரஸ் ஆன்ல இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். திறமைசாலியான்னு இது சொல்லாது.

அதுக்கு ஜெர்மனியில இருக்கற ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவுல இருக்கற ஏவி-கம்பேரட்டிவ்ஸ்னு ஆன்டிவைரஸ்களைச் சோதிச்சு மார்க் போடற ரெண்டு அமைப்போட ரிசல்ட்டையும் பாருங்க. ஏவி-டெஸ்ட்ல மொத்தம் 18 மார்க். நம்ம இலவச டிஃபெண்டர் பல தடவை 18-க்கு 18 வாங்கியிருக்கு!

காசு கொடுத்துத்தான் வாங்கணும்னா? பிள்ளைங்க என்ன பாக்கறாங்கன்னு கட்டுப்படுத்தணும், வீட்ல நாலஞ்சு மெஷின் இருக்குன்னா வாங்கலாம். நம்ம சென்னையிலேயே 1991-ல ஆரம்பிச்ச கே7-ங்கற ஆன்டிவைரஸ் கம்பெனி இருக்கு. ஜப்பான்ல சோர்ஸ்நெக்ஸ்ட் கம்பெனி விக்கற 'வைரஸ் செக்யூரிட்டி ஜீரோ'வுக்குள்ள வைரஸைப் பிடிக்கறது நம்ம ஊர் கே7 எஞ்சின் தெரியுமா? எனக்கு இதுல ரொம்பப் பெருமை. ஆனாலும் நம்ம ஊர்ங்கறதுக்காக மட்டும் வாங்காதீங்க, மார்க் பாத்து வாங்குங்க. எதை வாங்கினாலும் ரெண்டாம் வருஷ விலையைக் கேளுங்க. ஆட்டோ ரினியூவலை அன்னைக்கே ஆஃப் பண்ணுங்க.

இலவசம்னு கண்ணை மூடிக்கிட்டும் போடாதீங்க. யூசர்களோட பிரவுசிங் தகவலை வித்ததுக்காக 2024-ல அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி, இலவச ஆன்டிவைரஸ் தர்ற அவாஸ்ட் கம்பெனியை 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லிச்சு. பாதுகாப்புக்குன்னு நம்பி வச்ச சாஃப்ட்வேரே இப்படிப் பண்ணலாமா?

எல்லாத்தையும் விட முக்கியம் அப்டேட். ஃபைல்களைப் பூட்டி வச்சுக்கிட்டுப் பணம் கேட்ட வான்னக்ரை வைரஸ் 2017 மே மாசம் உலகத்தையே ஆட்டி வச்சுது. அது நுழைஞ்ச ஓட்டையை மார்ச்லயே மைக்ரோசாஃப்ட் அடைச்சிருந்தது. பெரும்பாலும் அப்டேட்டைத் தள்ளிப் போட்டவங்கதான் மாட்டினாங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. அதுலயே இருக்கீங்கன்னா, ஆன்டிவைரஸுக்கு வச்ச காசை விண்டோஸ் 11 ஓடற மெஷினுக்குச் சேர்த்து வைங்க. இன்னும் விண்டோஸ் 10-லயே இருக்கறவங்க கமென்ட்ல மாடலைப் போடுங்க, 11 ஓடுமான்னு பாத்துச் சொல்றேன்.

இந்த வீடியோவை அப்பா அம்மாவுக்குக் கண்டிப்பா அனுப்புங்க. 'உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க'ன்னு திரையில வந்தா அது மோசடி. கூப்பிடாம பிரவுசரை மூடச் சொல்லுங்க. பணம் போயிருந்தா, ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காம சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்குப் போன் பண்ணுங்க.