205 குதிரைகள் எங்கே போயின?

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, கேட்க வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

‘பந்தயத் தடத்துக்குச் சிறந்த கார் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடி பிளாக் சீரிஸா, போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ்ஸா?’ என்பது தலைப்பு. பிளாக் சீரிஸுக்காகப் பேசிய எதிரணி நண்பர் மூன்று அம்புகளை எய்துவிட்டு உட்கார்ந்தார். அவர்கள் காருக்கு 730 குதிரைத்திறன், எங்கள் காருக்கு 525தான் என்றார். நூர்பர்க்ரிங் தடத்தில் அவர்கள் கார்தான் முந்தியது என்றார். எங்கள் காரின் முன்பக்கத்தில் ஒரு கைப்பை வைக்கக்கூட இடமில்லை என்றார். மூன்றும் உண்மை, நடுவர் அவர்களே. ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. அந்த அம்புகளைப் பொறுக்கி எடுத்தே என் வாதத்தைத் தொடங்குகிறேன்.

முதலில் நேரம். ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காட்டுக்குள் வளைந்து நெளிந்து ஓடும் நூர்பர்க்ரிங்கின் நோர்ட்ஷ்லைஃபே தடத்தில் முழுச் சுற்று 20.832 கிலோமீட்டர். எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள், ஏற்றம், இறக்கம் எல்லாம் உண்டு. 2020 நவம்பரில் மாரோ எங்கெல் பிளாக் சீரிஸை ஓட்டி 6 நிமிடம் 48.047 நொடியில் சுற்றி வந்தார். 2022 அக்டோபரில் யோர்க் பெர்க்மைஸ்டர் ஜிடி3 ஆர்எஸ்ஸில் 6 நிமிடம் 49.328 நொடியில் வந்தார். அன்று நேர்ப்பாதையில் எதிர்க்காற்று பலமாக இருந்தது என்று அவர் சொன்னார். அதை நான் சாக்காகச் சொல்லப் போவதில்லை. கடிகாரம் காட்டியது காட்டியதுதான்.

ஆனால் அந்த வித்தியாசம் எவ்வளவு? 1.281 நொடி. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு கார்களும் சராசரியாக மணிக்கு 183 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கின்றன. அந்த வேகத்தில் 1.281 நொடி என்றால் சுமார் 65 மீட்டர். இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, காடு மலையெல்லாம் ஏறி இறங்கி வந்த பிறகு, முன்னால் போன காருக்கும் பின்னால் வந்த காருக்கும் நடுவே 65 மீட்டர்! இத்தனைக்கும் முன்னால் போன காரில் 205 குதிரைத்திறன் அதிகம். முறுக்குவிசையில் 800க்கு 465 நியூட்டன் மீட்டர். உச்ச வேகத்தில் 325க்கு 296. இத்தனை வசதியையும் வைத்துக்கொண்டு 65 மீட்டர்தான் விலக முடிந்தது என்றால், எங்கள் கார் வேறு எங்கோ அந்தக் கடனை அடைத்திருக்க வேண்டும். எங்கே என்பதுதான் என் பேச்சு முழுவதும்.

அந்தத் தடத்தில் ஷ்வேடன்க்ராய்ட்ஸ் என்று ஓர் இடது வளைவு இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு மேடு. முழு வேகத்தில் மேட்டைத் தாண்டும்போது கார் லேசாகிவிடும், டயருக்குத் தரையில் பிடிமானம் குறையும். சரியாக அந்த நேரத்தில்தான் வளையவும் வேண்டும். அங்கே எஞ்சினில் எத்தனை குதிரைகள் இருந்தாலும் ஒரு பயனும் இல்லை. டயரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிற ஒன்று வேண்டும்.

அந்த அழுத்தத்தை எங்கள் கார் காற்றிடமிருந்து வாங்குகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரில் 409 கிலோ. 285 கிலோமீட்டரில் 860 கிலோ. காரின் எடையே 1,450 கிலோதான். அதாவது தன் எடையில் பாதிக்கும் மேல் இன்னொரு பாரத்தைக் காற்று அதன் முதுகில் ஏற்றி வைக்கிறது. பிளாக் சீரிஸும் இதில் சாதாரண கார் இல்லை; மணிக்கு 250 கிலோமீட்டரில் 400 கிலோவுக்கு மேல் அழுத்தம் கிடைக்கிறது என்று அதன் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஆனால் ஏறக்குறைய அதே அழுத்தம் எங்களுக்கு மணிக்கு 50 கிலோமீட்டர் குறைந்த வேகத்திலேயே கிடைத்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரலாம். பாரம்தானே வேண்டும், 860 கிலோவுக்கு மூட்டையை ஏற்றினால் டயர் அழுந்தாதா? அழுந்தும். ஆனால் வளைவில் அந்த மூட்டையே காரை வெளியே தள்ளும். பிரேக் போட்டால் முன்னால் தள்ளும். காற்றின் பாரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. டயரை அழுத்தும், ஆனால் வளைவில் காரை வெளியே தள்ளாது. எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

இப்போது அந்த மூன்றாவது அம்புக்கு வருகிறேன். முன்னால் பெட்டி வைக்க ஏன் இடமில்லை? வழக்கமாக 911 கார்களில் ரேடியேட்டர்கள் மூக்கின் ஓரங்களில் பிரிந்து இருக்கும். இந்தக் காரில், பந்தயத்துக்காகவே செய்யும் 911களில் இருப்பதைப் போல, நடுவில் சாய்வாக ஒரே பெரிய ரேடியேட்டரை வைத்தார்கள். பெட்டி வைக்கும் இடம் போயிற்று. ஆனால் ஓரங்கள் காலியாயின. அந்தக் காலி இடத்தில் திரும்பி அசையும் தகடுகளைப் பொருத்தினார்கள். பின் இறக்கை நிமிரும்போது முன்தகடும் சேர்ந்து திரும்புகிறது. பின்பக்கம் மட்டும் அழுந்தினால் மூக்கு தூக்கும், ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. இங்கே இரண்டும் சேர்ந்தே அழுந்துகின்றன. பிளாக் சீரிஸில் மூக்குக்குக் கீழே காற்றைப் பிரிக்கும் தகடான ஸ்பிளிட்டரைத் தடத்துக்குப் போவதற்கு முன் கையால் வெளியே இழுத்து வைக்க வேண்டும். வைத்த பிறகு அது வைத்த இடத்திலேயே நிற்கும்.

அந்த ரேடியேட்டரில் சூடான காற்று பானட்டில் உள்ள இரண்டு துளைகள் வழியே மேலே வருகிறது. அது அப்படியே கூரை மேல் ஓடினால் பின்னால் இருக்கும் எஞ்சின் அந்தச் சூட்டைத்தானே சுவாசிக்கும்? அதனால் கூரை மேல் சின்னச் சின்ன தடுப்புகளை வைத்துச் சூட்டைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டார்கள். நீங்கள் படத்தில் பார்த்து அழகுக்கு என்று நினைத்திருக்கக்கூடிய அந்தத் தடுப்புகள் எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்றைக் காப்பாற்றிக் கொடுக்கின்றன. முன் சஸ்பென்ஷனின் கைகளைக்கூட நீர்த்துளி வடிவத்தில் செய்திருக்கிறார்கள். அதனால் மட்டும் உச்ச வேகத்தில் முன் அச்சுக்கு 40 கிலோ அழுத்தம் கூடுகிறது. வெளியே யார் கண்ணிலும் படாத ஒரு பாகத்துக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

அப்புறம் எஞ்சின். பிளாக் சீரிஸின் நான்கு லிட்டர் வி8 அருமையான எஞ்சின், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அதில் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் இரண்டு டர்போக்கள். மிதித்ததும் புகைக்காற்று சேர்ந்து, டர்போ சுழன்று, பிறகுதான் முழு பலம் வரும். கண நேரம்தான். ஆனால் வளைவின் நடுவில், டயர் பிடிமானத்தின் விளிம்பில் நிற்கும்போது, அந்தக் கண நேரத்தில் எவ்வளவு வரும், எப்போது வரும் என்று கால் ஊகிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் நான்கு லிட்டர் எஞ்சினில் டர்போவே இல்லை. ஆறு சிலிண்டருக்கும் காற்றை அளந்து விடும் தனித்தனி த்ராட்டில். கால் கட்டைவிரல் ஒரு நூல் அழுத்தினால் ஒரு நூல் பலம் வருகிறது, நிமிடத்துக்கு 9,000 சுற்று வரைக்கும்.

ஸ்டீயரிங்கிலும் நான்கு திருகுகள் இருக்கின்றன. ஒன்றைத் திருகினால் சக்கரத்தின் குலுக்கலை அடக்கும் டேம்பர் அமுங்குவதையும் விரிவதையும் தனித்தனியே மாற்றலாம், முன்னச்சுக்கு வேறு, பின்னச்சுக்கு வேறு. இன்னொன்றைத் திருகினால் வளைவுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும், இரண்டு பின்சக்கரங்களுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் எவ்வளவு இறுக வேண்டும் என்று வைக்கலாம். ஒரு சுற்று ஓடுகிறீர்கள், வளைவை விட்டு வெளியேறும்போது பின்பக்கம் நழுவுகிறது. கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமலேயே ஒரு படி திருகி, அடுத்த சுற்றில் அதே வளைவில் என்ன மாறியது என்று பார்க்கிறீர்கள். பிளாக் சீரிஸிலும் டயர் வழுக்காமல் பிடிக்கும் ட்ராக்‌ஷனுக்கு ஒன்பது படி உள்ள திருகு உண்டு, நல்ல வசதிதான். ஆனால் ஓட்டிக்கொண்டே ஓட்டக் கற்றுக்கொள்ள இவ்வளவு கதவுகளைத் திறந்து வைத்திருப்பது எங்கள் கார்.

நடுவர் அவர்களே, மணியில் உங்கள் கை போவது தெரிகிறது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் டோட்டிங்கர் ஹோயே நேர்ப்பாதையில் பிளாக் சீரிஸ் வேகமானது என்று எதிரணி சொன்னால் நான் உடனே ஒப்புக்கொள்கிறேன். அந்த நேர்ப்பாதை நீங்கலாக மிச்சமிருக்கும் 18 கிலோமீட்டரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. கையில் இருந்த 205 குதிரைகளும் அங்கே எங்கே போயின? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.