பீடம் எதற்காக இருக்கிறது?

மலையக நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்து, பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பம் நிரப்பும் நாட்கள் நெருங்கிவிட்டால், ஹட்டனிலுள்ள என் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளும் பெற்றோரும் அனுமதிக் கைந்நூலை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்துவிடுவார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்ற பின்னரும் இந்த ஒரு பணியை நான் விடவில்லை. அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியை வைத்து அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்த இசட் புள்ளிக்கு எது கிடைக்கும் சேர்?" எது கிடைக்கும் என்று கேட்கும் பிள்ளைகளுள், கிடைக்கப்போகும் அந்தப் பீடம் எதற்காக இருக்கிறது என்று கேட்டவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கல்லூரி என்றால் நாம் பாடசாலை என்றே பொருள்கொள்கிறோம். வேறு சில நாடுகளின் அரச பல்கலைக்கழகங்களில் கல்லூரிகள் என்ற பெயரில் இயங்கும் பெரும்பிரிவுகளைத்தான் நாம் பீடங்கள் என்கிறோம். ஒரு பீடத்துக்குள் பல துறைகள் இருக்கும். துறைக்கு ஒரு தலைவர், பீடத்துக்கு ஒரு பீடாதிபதி. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ், எதைக் கற்பிப்பது, எப்படிப் பரீட்சிப்பது என்பவை முதலில் பீடச் சபையில் பேசப்பட்டு, பின்னரே பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவைக்குச் செல்கின்றன. தோட்டத்தில் வாழ்பவர்கள் இதைத் தோட்டமும் டிவிஷன்களும் போல என்று நினைக்கலாம். ஆனால் டிவிஷன்கள் எத்தனை இருந்தாலும் கொழுந்து முழுவதும் ஒரே தொழிற்சாலைக்குத்தான் போகிறது. பீடங்கள் அப்படியல்ல, ஒவ்வொன்றும் வெவ்வேறு தேவைக்காக எழுந்தது.

நமக்கு மிக அருகிலுள்ள பேராதனையையே எடுத்துக்கொள்வோம். ஹட்டனிலிருந்து கண்டிக்கு ரயிலில் போகிறவர்கள், பேராதனைச் சந்தியைக் கடந்ததும் வரும் சரசவி உயன நிலையத்தை அறிவார்கள். மகாவலியின் கரையில், ஹந்தானை மலையின் அடியில் விரிந்து கிடக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் கொழும்பிலேதான். 1870 இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியையும் 1921 இல் உருவான பல்கலைக்கழகக் கல்லூரியையும் இணைத்து, 1942 ஜூலை 1 அன்று இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அப்போது இருந்தவை கலை, கீழைத்தேயக் கல்வி, விஞ்ஞானம், மருத்துவம் ஆகிய நான்கு பீடங்களே. 1952 இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது. பொறியியற்பீடம் 1964 இல் கொழும்பிலிருந்து இங்கு மாறியது. இன்று பேராதனையில் ஒன்பது பீடங்கள் உள்ளன.

இதில் ஒரு செய்தியை நீங்கள் கவனிக்க வேண்டும். பல் மருத்துவமும் கால்நடை மருத்துவமும் ஒரு காலத்தில் மருத்துவத்தோடு ஒரே பீடத்தின் கூரையின் கீழ் இருந்தவை. பின்னர் அவை தனித்தனிப் பீடங்களாகப் பிரிந்தன. நோக்கம் வேறுபடும்போது, ஆய்வுகூடமும் வைத்தியசாலையும் ஆசிரியர்களும் வேறுபட வேண்டியிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: மருத்துவபீடம் கிடைக்காதவர்களைச் சேர்த்துக்கொள்வதற்காகக் கட்டப்பட்ட பீடம் என்று எதுவும் இல்லை.

இங்கே என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நான் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் மாட்டுப்பட்டியில் லெட்சுமி என்று ஒரு பசு இருந்தது; என் கொப்பிகளும் சப்பாத்தும் அதன் பால் காசில் வந்தவை. மூன்றாவது கன்று ஈன்ற மறுநாள் அது எழுந்திருக்கவில்லை. கழுத்தை விலாப் பக்கமாக மடித்துப் போட்டுக்கொண்டு கிடந்தது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. அம்மா இஞ்சியும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்து, மூங்கில் குழாயால் வாயில் ஊற்றினார். விடிவதற்குள் பசு இறந்துவிட்டது. அது பால் காய்ச்சல் என்பதும், கன்று ஈன்றவுடன் பால் சுரப்பதற்காக இரத்தத்திலுள்ள கல்சியம் திடீரென இறங்கிவிடுவதே காரணம் என்பதும், அந்த நிலையில் விழுங்க முடியாத பசுவுக்குக் கஷாயம் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம் என்பதும் எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தன.

பின்னொரு காலத்தில் என் மாணவி ஒருவருக்கு மருத்துவபீடம் மயிரிழையில் தவறி, கால்நடை மருத்துவம் கிடைத்தது. இலங்கையில் அந்தப் படிப்புக்கென இருப்பது பேராதனைப் பீடம் ஒன்றுதான் என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அவருடைய அப்பா என் விறாந்தையில் அமர்ந்து கண்கலங்கினார். "ஊர்ல கேட்டா என்னான்னு சொல்றது சேர்? மாட்டு டாக்டருக்குப் படிக்குதுன்னா சொல்றது?" என்றார். மூன்றாம் முறையும் பரீட்சை எழுத வைக்கவே அவர் நினைத்திருந்தார். அன்று எங்கள் லெட்சுமியின் கதையை அவருக்குச் சொன்னேன். மகள் பேராதனைக்குப் போனார்.

ஆண்டுகள் கடந்து, அந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அரச கால்நடை வைத்தியராகிவிட்ட அந்த மாணவியும் விடுமுறையில் வந்திருந்தார். இரவு பத்து மணியளவில், பக்கத்து லயத்தில் கன்று ஈன்ற பசு விழுந்துவிட்டதென்று ஓடி வந்தார்கள். அதே மடிந்த கழுத்து, அதே குளிர்ந்த காது. அவர் தம் பையிலிருந்து கல்சியம் போத்தலை எடுத்து, கழுத்து இரத்த நாளத்தில் ஊசியைச் செலுத்தினார். மருந்து மெதுவாகவே இறங்க வேண்டும். வேகமாக இறங்கினால் இதயம் நின்றுவிடக்கூடும். ஆகவே, மருந்து இறங்கி முடியும்வரை இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே சேற்றில் முழந்தாளிட்டிருந்தார். சற்று நேரத்தில் பசுவின் தசைகள் நடுங்கத் தொடங்கின, ஏப்பம் விட்டது, சாணி போட்டது, பிறகு முன்னங்கால்களை ஊன்றி எழுந்து நின்றது. அவ்வளவு நேரமும் மருந்துப் போத்தலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவருடைய அப்பா.

அந்தப் பீடம் எதற்காக இருக்கிறது என்பதை அன்று அந்தப் பட்டியில் இருந்த எல்லோரும் கண்ணால் கண்டார்கள். பசுவோடு அது முடிந்துவிடுவதுமில்லை. விசர்நாய்க்கடி நோய் மனிதருக்குப் பரவாமல் தடுப்பதும், நாம் குடிக்கும் பாலும் உண்ணும் இறைச்சியும் தீங்கற்றவையாக இருப்பதும் அந்தப் படிப்பைச் சார்ந்தவையே.

பல் மருத்துவபீடத்தையும் இப்படியே பாருங்கள். பல் பிடுங்கக் கற்பிக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். மலையில் குளிருக்கும் களைப்புக்கும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கம் நம் தாய்மாரிடம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அதனால் வரும் வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதும் சிகிச்சையளிப்பதும் ஆராய்வதும் அந்தப் பீடத்தின் பெரும்பணிகள். வாயின் உட்புறத்தில் ஆறாத வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ புண்ணோ இருந்தால், வலி இல்லையென்று விட்டுவிடாமல் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். கற்பித்தல், ஆராய்ச்சி, மக்களுக்கான சேவை ஆகிய மூன்றும் ஒரே வளவில் நடப்பதுதான் பீடம் என்பதன் பொருள். பட்டம் வழங்குவது அதன் பணிகளில் ஒன்று மட்டுமே.

விவசாயபீடம் பற்றியும் ஒரு வார்த்தை. சரிவான நிலத்தில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் பயிரிடும் நுவரெலியாவில், ஒவ்வொரு பெருமழையிலும் மேல்மண் கழுவப்பட்டு ஆற்றோடு போகிறது. அந்த மண்ணைக் காக்கும் வழியைப் படித்துவிட்டு நம் பிள்ளை ஒருவர் திரும்பி வந்தால், அது நமக்குச் சிறிய வரவா?

நேரம் முடியப்போவதாக நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சைகை காட்டுகிறார். கலைப்பீடத்தைப் பற்றி விரிவாகப் பேசவே இறுதிப் பகுதியை ஒதுக்கி வைத்திருந்தேன். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு கூத்தை மேடையேற்றியிராவிட்டால், கிராமத்து ஆட்டக்களரிக்கு வெளியே அந்தக் கலை பெற்ற மதிப்பு இத்தனை விரைவில் வந்திராது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருப்பதையும் தோட்டத்துப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விருப்ப வரிசையில் மேலே எழுதிய கற்கைநெறிக்குப் புள்ளி போதுமாக இருந்தால், கீழே எழுதியவை பார்க்கப்படமாட்டா. ஆகவே, வரிசையை நிரப்புமுன், ஒவ்வொரு கற்கைநெறிக்கும் எதிரே அந்தப் பீடம் எதற்காக இருக்கிறது என்று பிள்ளையைப் பென்சிலால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத இடத்தில், அங்கு படிக்கும் பிள்ளை ஒருவரைத் தேடிக் கேளுங்கள். வாய்ப்பளித்த வானொலிக்கு என் நன்றி. வணக்கம்.