காருக்குள் ஒரு பனிக்காலம்

வணக்கம் நேயர்களே. சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மகளைக் கூடைப்பந்துப் பயிற்சிக்கு ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. நாங்கள் இருப்பது கனடாவில், ரொறன்ரோ நகரத்தின் ஸ்காபுரோவில். தை மாதத்தில் அந்த நேரம் கும்மிருட்டு. போன கிழமை மைனஸ் 14 பாகை. நான் முன்கண்ணாடியில் உறைந்து கிடப்பதைச் சுரண்ட, அவள் பின்பக்கத்தைத் துடைப்பாள். கூரையில் இருக்கும் பனியையும் முழுக்கத் தள்ளிவிட்டுத்தான் புறப்படுவோம். அதை அப்படியே விட்டால் பிரேக் பிடித்ததும் மொத்தமாக வழுக்கி வந்து முன்கண்ணாடியை மூடிவிடும். ஓட்டத்தில் பறந்தால் பின்னால் வருகிறவருக்கு ஆபத்து.

அப்புறம் 25 நிமிடம் நாங்கள் இரண்டு பேர் மட்டும். வீட்டில் என் வேலை நேரமும் அவளுடைய படிப்பும் ஒத்துவருவதில்லை. காருக்குள் இருவர் கண்ணும் வீதியில் இருக்கும், வாய் தானாகத் திறக்கும். பள்ளிக்கூடத்தில் யாரோடு கோபம், எந்தப் பாடம் பயம், எல்லாம் எனக்குத் தெரியவந்தது அந்தப் பயணங்களில்தான்.

அவள் பந்தைத் தொட்டதற்குக் காரணம் 2019. அப்போது ஒன்பது வயது. மே 12ஆம் தேதி எங்கள் ரொறன்ரோவின் கூடைப்பந்து அணி ராப்டர்ஸுக்குப் பிலடெல்பியாவோடு ஏழாவது ஆட்டம், வெல்லப்போவது யார் என்று முடிவாகிற ஆட்டம். கடைசிக் கணத்தில் கவாய் லெனார்ட் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நான்கு தரம் துள்ளியது. கூடைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாத என் மாமி, "விழும், விழும், விழும்" என்று கையைக் கூப்பிக்கொண்டு எழுந்து நின்றார். விழுந்தது. அடுத்த மாதம் 13ஆம் தேதி ராப்டர்ஸ் கிண்ணத்தை வென்றபோது இந்த நகரம் முழுவதும் ஹோர்ன் சத்தம். அடுத்த நாளே எனக்கும் ஒரு பந்து வேண்டும் என்று மகள் நின்றாள்.

2025இல் எங்கள் பேஸ்போல் அணி புளூ ஜேஸ் எங்களைப் படுத்திய பாட்டையும் சொல்லவேண்டும். 1993க்குப் பிறகு முதல் தடவை, இறுதிப் போட்டியான உலகத் தொடருக்கு வந்தார்கள். ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டிய மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது. இங்கே விடியப்புறம் மூன்று மணியாகிவிட்டது. ஏழாவது ஆட்டம் நவம்பர் 1ஆம் தேதி இரவு, நம்முடைய மைதானத்திலேயே, 11ஆவது இன்னிங்ஸில் 5க்கு 4 என்று கைவிட்டுப் போனது. அன்றைக்குத்தான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற இரவு. அவ்வளவு நீண்ட இரவை நான் இந்த நாட்டில் கண்டதில்லை. மகள் சோபாவிலேயே அழுது தூங்கிப்போனாள். விடிந்ததும் நான் பனிக்கால ரயர்களை வெளியே எடுத்தேன். கையில் ஒரு வேலை இருந்தால் மனம் கொஞ்சம் ஆறும்.

ரயரைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறேன். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் கட்டாயம். நம்முடைய ஒன்ராறியோவில் அப்படிச் சட்டம் இல்லை. அதனால் பலர், எல்லாப் பருவத்துக்குமானது இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். 7 பாகைக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். இறுகினால் வீதியைப் பிடிக்காது. பனி விழவே வேண்டாம், குளிர் போதும். வாங்கும்போது பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலையும் நடுவில் பனிப்பூவும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். தயவுசெய்து நாலையும் மாற்றுங்கள். இரண்டை மட்டும் மாற்றினால் காரின் ஒரு பாதி பிடிக்கும், மறு பாதி வழுக்கும்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். காரில் பாட்டு மகளின் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போலின் ராப்பை எனக்கு அறிமுகப்படுத்தியது அவள்தான். யான்சனின் மிருதங்கம் அதற்கு ஈடுகொடுத்துப் போகும். முதல் தடவை கேட்டபோது ஆங்கிலச் சொற்கள் பாதி பிடிபடவில்லை. மிருதங்கத்தின் நடை மட்டும் நன்றாகப் பிடிபட்டது. "திரும்பப் போடு பிள்ளை" என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். பதிலுக்கு நான் இளையராஜாவின் கதையைச் சொன்னேன். 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் அவருடைய சிம்பொனியை ரோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அரங்கேற்றியது, அப்போது அவருக்கு 81 வயது என்று. "81 வயதில் புதுசா எழுதினவரோ?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

எங்கள் வீட்டில் பாட்டு வந்த வழி வேறு. 90களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் எடுத்து ரேடியோவுக்குக் கொடுத்து, அப்பா பெடலைக் கையால் சுற்றுவார். சுற்றும் வேகம் குறைந்தால் குரல் மெலிந்துபோகும். 1992 பெப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை காலை, உலகக் கிண்ணக் கிரிக்கெட். நியூசிலாந்தில் சிம்பாப்வே 312 ஓட்டம் அடித்திருந்தது. இலங்கை துரத்துகிறது. அதுவரை ஒருநாள் ஆட்டத்தில் 300க்கு மேல் துரத்தி யாரும் வென்றதில்லை. அர்ஜுன ரணதுங்க அடிக்க அடிக்க அப்பா சுற்றினார். கை மாற்றி மாற்றிச் சுற்றினார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. நாங்கள் பிள்ளைகள் ரேடியோவில் காதை வைத்துக்கொண்டிருந்தோம். சில்லின் இரைச்சலில் அவருக்கு அரைவாசி கேட்டிருக்காது. "என்னவாம்?" என்று எங்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அவர் அந்த ஆட்டத்தைத் தெரிந்துகொண்டார்.

மகளுக்கு இப்போது 16 வயது. கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான ஜி ஒன் அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டாள். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடலாம், 401 நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது. போன ஞாயிறு, பனி கொட்டி ஓய்ந்த பிறகு, ஆளில்லாத ஒரு பார்க்கிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 30இல் போகச் சொல்லி, "இப்ப பிரேக்கை முழுசா அமத்து" என்றேன். அமத்தினாள். கார் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பிரேக் காலுக்குக் கீழே கடகடவென்று உதறியது. பயந்து காலை எடுத்துவிட்டாள். ஏதோ உடைந்துபோச்சு என்று நினைத்திருக்கிறாள்.

சில்லு பூட்டுப்படாமல் கார் தானே விட்டு விட்டுப் பிடிக்கிற உதறல் அது என்று விளக்கினேன். "காலை எடுக்காதை. நிற்கும் மட்டும் அமத்திக்கொண்டே இரு. கண் முன்னால இருக்கிற கம்பத்தில போகக்கூடாது, நீ போக நினைக்கிற இடத்தைப் பார்." ஐந்தாவது தரம் உதடு கடித்துக்கொண்டு அமத்தினாள். உதறியது. காலை எடுக்கவில்லை. கார் நேராகப் போய் நின்றது. எனக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்குச் சின்னத் தெருக்களால் அவளே ஓட்டினாள். பாலத்தில் ஏறுமுன் வேகத்தைக் குறைத்தாள். பாலம் கீழிருந்தும் குளிர்வதால் முதலில் உறையும் என்று நான் முன்னொரு நாள் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறாள். பாட்டு இல்லை. புறப்படும்போது அவளே நிறுத்திவிட்டாள். ரயருக்குக் கீழே பனி நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் தெருவுக்கு முந்திய சிவப்பு விளக்கில், முன்காருக்கு நல்ல இடைவெளி விட்டு நிறுத்தினாள்.

"பாட்டுப் போடட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அப்பா, வீட்டை போய்ப் போடுவம்" என்றாள், கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல்.