பந்து தொலைஞ்சா அடுத்த பந்து யார் கணக்குல? நம்ம கோல்ஃப் ரூம் ரூல்ஸ்

வணக்கம் மக்களே. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துல மண்டபம் ஊர்ல இருந்து பேசுறேன். பின்னாடி புசுபுசுன்னு சத்தம் கேட்டா அது கச்சான் காத்து. மைக்குக்குத் துணி கட்டி வச்சுருக்கேன், இதுக்கு மேல அடைக்க முடியல.

இன்னைக்கு ஒரே விசயம்தான். போன்ல நம்ம சேர்ந்து ஆடுற கோல்ஃப் கேம் ரூம்ல பந்து தொலைஞ்சா அடுத்த பந்தை எங்க வைக்கணும், யாருக்கு ஸ்ட்ரோக் ஏறும் (அதாவது கணக்குல ஒரு அடி கூடும்), எப்ப சும்மா வச்சுக்கலாம். போன மேட்ச்ல தொண்டித் தம்பிக்கும் துபாய்ல இருக்குற நம்ம கீழக்கரை அண்ணனுக்கும் இதுல வாக்குவாதம் முத்தி, ரெண்டு பேருமே பாதியில ரூமை விட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பேரும் அருமையான பிளேயர். இப்படிப் பிரிஞ்சு போறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியல, அதான் இந்த வீடியோ.

சண்டை ஏன் வருது? நம்மள்ல முக்கால்வாசிப் பேர் கோல்ஃப் மைதானத்துக்குள்ள கால் வச்சதே இல்ல. கொடைக்கானல் போனவங்க, 1895ல ஆரம்பிச்ச அந்த மைதானத்தை ரோட்டோரம் நின்னு எட்டிப் பார்த்துருப்பீங்க, அம்புட்டுதான். நமக்கு கோல்ஃப் சொல்லிக் கொடுத்தது போன். போன் என்ன பண்ணுது, பந்து தண்ணிக்குள்ள போனதும் தானா கணக்குப் போட்டு, தானா ஒரு இடத்துல பந்தை வச்சு, "அடி"ங்குது. ஏன் அந்த இடம், ஏன் அந்த ஸ்ட்ரோக், ஒண்ணும் சொல்றது இல்ல. காரணம் தெரியலைன்னா கேம் நம்மள ஏமாத்துதுன்னுதான் தோணும்.

காரணம் ரொம்பப் பழசு. 1744ல ஸ்காட்லாந்துல லீத்ங்குற ஊர்ல கோல்ஃபுக்கு முதல்முதலா எழுதி வச்ச விதிகள் மொத்தமே 13. அதுல எட்டாவது விதி தொலைஞ்ச பந்தைப் பத்தினது. பந்து தொலைஞ்சா, கடைசியா எங்க நின்னு அடிச்சியோ அங்க திரும்பிப் போ, வேற பந்தைப் போடு, எதிராளிக்கு ஒரு ஸ்ட்ரோக் கொடு. இன்னைக்கு உலகம் பூரா இருக்குற ரூல் புக்லயும் அடிப்படை இதுதான். ஒரு ஸ்ட்ரோக் போகும், அடிச்ச தூரமும் போகும்.

ஆனா ஒரு பெரிய மாத்தம் நடந்துருக்கு. அந்த 1744 விதியில, யாராவது உன் பந்தைத் தூக்கிட்டுப் போனாலும் உனக்குத்தான் நஷ்டம். இன்னைக்கு அப்படி இல்ல. நின்னுக்கிட்டு இருந்த பந்தை வெளியில இருந்து எதுவோ வந்து எடுத்துருச்சுன்னா பெனால்டி கிடையாது, இருந்த இடத்துலயே வேற பந்தை வச்சுக்கலாம். நான் இன்னைக்குச் சொல்ல வந்ததே இந்த வித்தியாசத்தைத்தான். புதுப் பந்து கேக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: இது நீ அடிச்சுத் தொலைச்சதா, இல்ல வெளிய இருந்து வந்து எடுத்ததா? கண்மாயில கிரிக்கெட் ஆடுறப்ப கருவைக்குள்ள பந்தை அடிச்சவன்தான முள்ளுக்குள்ள இறங்கி எடுக்கணும்? வழியில போன ஆடு மிதிச்சு உருட்டி விட்டா யாரும் அவன்கிட்ட போய்க் கேக்க மாட்டோம்ல.

இதுக்கு ஒரே ஹோல்ல, அதாவது ஒரே குழிக்கான ஆட்டத்துல நடந்த ரெண்டு சம்பவம் சொல்றேன். அமெரிக்காவுல புளோரிடாவுல டிபிசி சாகிராஸ் மைதானம், 17ஆவது ஹோல், பார் 3, அதாவது மூணு அடியில முடிக்க வேண்டியது. குழி இருக்குற புல்தரையைக் கிரீன்னு சொல்வாங்க, அதைச் சுத்தித் தண்ணி, தீவு மாதிரி. 1998ல பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்ல ஒரு வீரர் அடிச்ச பந்து கிரீன்ல போய் நல்லபடியா நின்னுருச்சு. அப்புறம் ஒரு கடல் காக்கா வந்து அதைக் கொத்திப் பார்த்து, தூக்கிக்கிட்டுப் பறந்து, தண்ணிக்குள்ள போட்டுருச்சு. அவருக்குப் பெனால்டி இல்ல. பழைய இடத்துலயே வேற பந்தை வச்சு ஆடினார்.

அடுத்த வருசம், 1999, அதே போட்டி, அதே ஹோல். ஃபிரெட் கப்பிள்ஸ் அடிச்ச பந்து நேரா தண்ணிக்குள்ள. அவர் டீயிலயே, அதாவது முதல் அடி அடிக்கிற இடத்துலயே நின்னு இன்னொரு பந்தை வச்சு அடிச்சார். அந்தப் பந்து தரையில படாம நேரா குழிக்குள்ள விழுந்துருச்சு! அவருக்கு ஸ்கோர் எவ்வளவு? நம்ம ரூம்ல கேட்டா பாதிப் பேர் ரெண்டுன்னுதான் சொல்வீங்க. மூணு. முதல் அடி ஒண்ணு, பெனால்டி ஒண்ணு, குழிக்குள்ள போன அடி ஒண்ணு. உலகமே எந்திரிச்சு நின்னு கை தட்டுற ஷாட்டா இருந்தாலும் தண்ணிக்குள்ள போன பந்தோட கணக்கு அழியாது.

"முதல் பந்து வெளிய போச்சு, அடுத்தது மூணாவது அடின்னு காட்டுது, ஒண்ணு எக்ஸ்ட்ரா போட்டுருச்சு"ன்னு கமெண்ட்ல கேட்ட எல்லாருக்கும் இதுதான் பதில். கேம் சரியாத்தான் போட்டுருக்கு.

இப்ப எங்க வைக்கிறதுங்குற விசயம். இதுலதான் குழப்பம் அதிகம், கொஞ்சம் நிதானமா கேளுங்க. வெள்ளைக் குச்சி நட்ட எல்லைக்கு அங்குட்டுப் போனா ஓபி, அதாவது அவுட் ஆஃப் பவுண்ட்ஸ். அதுக்கு வழக்கமான விதியில வேற வழி கிடையாது, பழைய இடத்துல இருந்து திரும்ப அடிக்கணும். சிவப்புக் குச்சி, மஞ்சக் குச்சி இருந்தா அது பெனால்டி ஏரியா, பெரும்பாலும் தண்ணி. அங்க ஒரு ஸ்ட்ரோக் கொடுத்துட்டு தண்ணிக்குப் பக்கத்துலயே பந்தைப் போட வழி இருக்கு. பந்து எங்க தொபுக்குன்னு விழுந்துச்சுங்குறது கணக்கே இல்ல. எல்லைக் கோட்டைக் கடைசியா எங்க தாண்டுச்சு, அதுதான் கணக்கு. "பாஸ், என் பந்து அந்தக் கரைகிட்ட விழுந்துச்சு, கேம் என்னை இந்தக் கரையில வைக்குது"ன்னு எத்தனை பேர் கேட்டுருக்கீங்க. பந்து தண்ணிக்கு மேல பறந்துச்சே தவிர அந்தக் கரையைத் தொடல. உள்ள நுழைஞ்சது இந்தக் கரை வழியாத்தான்.

அதுவே பந்து தண்ணியத் தாண்டி, அந்தக் கரையில பட்டு, உருண்டு திரும்பித் தண்ணிக்குள்ள விழுந்தா? கடைசியாத் தாண்டினது அந்தக் கரை. சிவப்புக் குச்சியா இருந்தா அந்தக் கரையிலயே, தாண்டின இடத்துல இருந்து ரெண்டு கிளப் (அடிக்கிற மட்டை) நீளத்துக்குள்ள, குழிக்குக் கிட்ட போயிராம போட்டுக்கலாம். மஞ்சளா இருந்தா அந்தச் சலுகை கிடையாது, தண்ணிக்குப் பின்னாடிதான் வரணும். ஒரே தண்ணி, குச்சி நிறம் மாறினா உங்க நிலைமையே மாறிடும். அடிக்கிறதுக்கு முன்னாடி மேப்பைப் பெருசாக்கி நிறத்தைப் பாருங்க. பார்க்காம அடிச்சுட்டு அப்புறம் ரூம்ல சத்தம் போடக் கூடாது.

நிஜ மைதானத்துல பந்தைத் தேட நேரம் உண்டு. முன்னாடி 5 நிமிசம், 2019ல இருந்து 3 நிமிசம். அதுக்குள்ள கிடைக்கலைன்னா தொலைஞ்ச பந்து. நம்ம கேம்ல கேமரா பந்து கூடவே ஓடுது, புதருக்குள்ள போனாலும் காட்டிக் கொடுத்துரும், அதனால தேடுற வேலையே இல்ல.

ஆனா அங்க இருந்து நம்ம எடுத்துக்க வேண்டிய பழக்கம் ஒண்ணு இருக்கு. பந்து தொலைஞ்சுருக்கும்னு சந்தேகம் வந்தா, நடந்து போயித் திரும்பி வர்ற நேரத்தை மிச்சம் பண்ண முன்கூட்டியே ஒரு பந்து அடிச்சு வைப்பாங்க, ப்ரொவிஷனல் பால். அதை அடிக்கிறதுக்கு முன்னாடி வாயால அறிவிக்கணும். "இன்னொண்ணு அடிக்கிறேன்"னு சொன்னாக்கூட போதாது, ப்ரொவிஷனல்னு தெளிவாப் புரியணும். சொல்லாம அடிச்சுட்டா, முதல் பந்து கிடைச்சாலும் அது செல்லாது, ரெண்டாவதுதான் ஆட்டத்துல இருக்குற பந்து, ஸ்ட்ரோக்கும் போச்சு. நம்ம ரூம்லயும் இனிமே அதேதான். நெட் பிரச்சனை, டச் வேலை செய்யல, எதுவா இருந்தாலும் அடுத்த அடி அடிக்கிறதுக்கு முன்னாடி மைக்ல சொல்லிருங்க. ஹோல் முடிஞ்சு ஸ்கோர் பார்த்துட்டு வந்து சொன்னா நான் எடுத்துக்க மாட்டேன்.

இப்ப அந்தச் சண்டைக்கு வர்றேன். தம்பி அடிச்சுட்டான், பந்து காத்துல போகுது, அந்த நேரம் நெட் கட். திரும்ப வந்தா பந்து தண்ணிக்குள்ள. "நெட்தான் எடுத்துச்சு, சும்மா ஒரு பந்து கொடுங்க"ங்குறான். அண்ணன் முடியாதுங்குறார். தம்பி, வருத்தப்படாத, இதுல அண்ணன் சொல்றதுதான் சரி. நின்ன பந்தை வெளிய இருந்து வந்தது எடுத்தாத்தான் திரும்ப வைக்கலாம். பறக்குற பந்து தற்செயலா ஒரு பறவை மேலயே இடிச்சாலும், போய் விழுந்த இடத்துல இருந்துதான் ஆடணும். நீ விரலை எடுத்த நொடியில அந்த அடி முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் கட் ஆனது உன் திரை மட்டும்தான்.

அதுவே, அடிக்கிறதுக்கு முன்னாடி நெட் போயி, டைமர் ஓடி, கேம் உனக்கு ஒரு ஸ்ட்ரோக் ஏத்திருச்சுன்னா அது கடல் காக்கா கேஸ். அந்த ஸ்ட்ரோக் உன்னோடது இல்ல. கேம் ஸ்கோரை நம்மளால மாத்த முடியாது, ஆனா நம்ம நோட்ல ஒண்ணைக் கழிச்சு எழுதிக்கலாம், எழுதுறேன். ஆதாரம் வேணும். ரூல் புக் இந்த மாதிரி விசயத்துக்கு 95 சதவீதமாவது உறுதி இருக்கணும்னு கேக்குது. "அப்படித்தான் இருக்கும்"னு சொல்றது பத்தாது. ஸ்க்ரீன் ரெக்கார்டிங் ஓட விடுங்க, பிரச்சனையே வராது.

காசு கொடுத்து வாங்குற ஸ்பெஷல் பந்து பத்தி வெரசா சொல்லிடுறேன். அது தண்ணிக்குள்ள போனா கையிருப்புல கழியுமா கழியாதாங்குறது கேமுக்குக் கேம் வேற, உதவிப் பக்கத்துல பார்த்துக்கங்க. நம்ம ரூம்ல எல்லாருக்கும் சாதாப் பந்துதான். பெரிய போட்டிகள்ல ஒரு ரவுண்டு பூரா ஒரே பிராண்டு, ஒரே மாடல் பந்துதான்னு லோக்கல் ரூல், அதாவது அந்த இடத்துக்கு மட்டுமான விதி போடுவாங்க, நம்மளும் அதே வழியில போறோம். பள்ளிக்கூடத்துப் பசங்க நம்ம கூட ஆடுறாங்க, பந்து வாங்க வீட்டுல காசு கேக்குற நிலைமை வரக் கூடாது. இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

புதுசா சேர்றவங்களுக்கு மட்டும் ஒரு தளர்வு. 2019ல ஒரு லோக்கல் ரூலுக்கு இடம் கொடுத்தாங்க: திரும்பிப் போக வேண்டாம், ரெண்டு ஸ்ட்ரோக் கொடுத்துட்டு, பந்து தொலைஞ்ச இடத்துக்கு நேரா ஃபேர்வேல, அதாவது புல்லை ஒட்ட வெட்டி வச்ச பாதையில பந்தைப் போட்டு ஆடலாம். டீயில தொலைச்சா அடுத்தது நாலாவது அடி. பெரிய போட்டிக்கு இது கிடையாது, பொழுதுபோக்கா ஆடுறவங்களுக்கு. நம்ம பிராக்டிஸ் ரூம்ல, கேம் செட்டிங்ல வழி இருந்தா புதுப் பசங்களுக்கு இதை வச்சுக்கலாம். ஒரே ஹோல்ல பத்து அடி போயி மனசு விட்டுப் போறதுக்கு இது மேல்.

கடைசியா, "அரிச்சல்முனையில நின்னு நிஜப் பந்தைக் கடலுக்குள்ள அடிச்சு வீடியோ போடுங்க"ன்னு கேட்டவங்களுக்கு. போட மாட்டேன், நீங்களும் செய்யாதீங்க. கோல்ஃப் பந்து மிதக்காது. கலிபோர்னியாவுல பெப்பிள் பீச் பக்கம் ஒரு பள்ளி மாணவி முங்கி முங்கி எடுத்து, கூட இருந்தவங்களோட சேர்ந்து 50,000க்கும் மேல பந்து வெளிய கொண்டு வந்தாங்க, 2019ல ஆய்வுக் கட்டுரையாவும் வந்துச்சு. நம்ம தெற்குக் கடல்ல 21 தீவு, பவளப்பாறை, ஆவுளியாங்குற கடல்பசு மேயுற கடல்புல்லு எல்லாம் இருக்கு. அங்க ரப்பரும் பிளாஸ்டிக்கும் போய்ச் சேர நம்ம காரணமா இருக்க வேண்டாம்.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு ரூம் திறக்கும், துபாய்ல எட்டு மணி. தம்பியும் அண்ணனும் ஒரே டீம், நானே போட்டுட்டேன். பாஸ்வேர்டு குரூப்ல வரும்.