காரைக்குடியில் என்ன இருக்கிறது?

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, வெயிலுக்குப் பயந்து எதிர்வரிசையில் ஒதுங்கியிருக்கும் என் அருமை நண்பர்களே, வணக்கம்.

'கல்லூரிப் படிப்புக்கு ஏற்றது பெருநகரமா, சிறுநகரமா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர் கேட்டார்: "மண்டையைப் பிளக்கிற வெயிலில், நாலு கட்டடமும் ஒரு வேப்பமரமும் நிற்கிற கல்லூரியில் என்ன இருக்கிறது?" கைதட்டல் வாங்கிவிட்டார். நானும் தட்டினேன் நடுவர் அவர்களே. பிளஸ் டூ முடித்தபோது என் அப்பாவும் இதைத்தான் கேட்டார். "சென்னையில சீட்டு கிடைக்குறப்போ, காரைக்குடிப் பக்கம் என்னம்மா இருக்கு?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது. "ஃபீஸ் கம்மிப்பா" என்று சொல்லித் தப்பித்தேன்.

இன்று பதில் சொல்கிறேன். 1947இல் அழகப்பச் செட்டியார் அங்கே ஒரு கல்லூரி தொடங்கினார். அது மட்டும் போதாதென்று, மத்திய அரசின் ஆய்வுக்கூடம் ஒன்று ஊருக்கு வரவேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் என்பது அதன் பெயர். ஆட்டோக்காரரிடம் 'சிக்ரி' என்றால் கொண்டுபோய் இறக்கிவிடுவார். 1988 முதல் அந்த வளாகத்திலேயே ஒரு பி.டெக். வேதியியலும் மின்வேதியியலும் சேர்ந்த பொறியியல், அவ்வளவுதான். கையளவு மாணவர்கள். எதிரணியினர் கணக்குப்படி இது கல்லூரியே இல்லை, டியூஷன் சென்டர்! ஆனால் அரிமானத்தை, அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவதைப் பற்றி, பேட்டரியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள், அதே பொருளில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிற விஞ்ஞானிகள்.

வெயில், வெயில் என்று பயமுறுத்துகிறார்களே, அந்த வெயில்தான் அங்கே பாடம். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது? கரும்பலகையில் சமன்பாடு எழுதலாம். ராமேஸ்வரத்துக்கு முன்னால் கடலோரத்தில் இருக்கிற மண்டபம் என்ற ஊருக்குப் போனால், உப்புக் காற்றும் வெக்கையும் சேர்ந்து கம்பியைத் தின்பதைக் கண்ணால் பார்க்கலாம். சிக்ரி தன் அரிமானச் சோதனைக் களத்தை அங்கே வைத்திருப்பது ராமேஸ்வரத்துக்குப் புண்ணியம் தேடிப் போக அல்ல. ஏசி அறையில் கம்பி துருப்பிடிக்கக் காத்திருந்தால் மாணவனுக்குத் தலை நரைத்துவிடும்!

இன்னும் தெற்கே தூத்துக்குடிக்கு வாருங்கள். 1977இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் உப்பளம், வெயில் கொஞ்சம் சோம்பினால் அங்கே உப்பு விளையாது. காலையில் கடலுக்குப் போய் இரவில் திரும்பும் விசைப்படகுகள். வலையில் எந்த மீன் குறைந்திருக்கிறது என்பது பரீட்சைக் கேள்வித்தாளுக்கு முன்னால் ஏலக்கூடத்தில் தெரிந்துவிடும். சென்னையில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறார்கள். சுண்ணாம்புப் பூச்சும் முற்றமும் வளவும் எப்படி வீட்டைக் குளிர வைக்கின்றன என்று நோட்டில் வரைகிறார்கள். நீங்கள் பஸ் பிடித்துக் களப்பயணம் வருகிற இடத்தில் நாங்கள் தினமும் டீ குடிக்கிறோம், நண்பர்களே!

டீ என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இரண்டாம் ஆண்டில் ஒருநாள், காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டுத் தோழிகளோடு மதியக் காட்சிக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு எதிரே இட்லிக்கடை ஆத்தா பிடித்துக்கொண்டார். "ஏத்தா, உங்க கெமிஸ்ட்ரி சாரு இப்பத்தான் சாப்பிட்டுப் போனாரு. ஒனக்குக் காய்ச்சல்னு சொன்னாரே?" படமும் போச்சு, மானமும் போச்சு. மறுநாள் சார் திட்டவில்லை. "மதியம் கட் அடிச்ச டைட்ரேஷன் பிராக்டிகலை சாயங்காலம் வந்து செஞ்சிட்டுப் போ" என்றார். ஆறரை மணிவரை கூடவே நின்றார். எரிச்சலாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஊரே விடுதிக் காப்பாளராக இருப்பது பதினெட்டு வயதில் யாருக்குப் பிடிக்கும்? ஆனால் அந்தச் சோதனைக்கான ப்யூரெட் குழாயைச் சரியாகப் பிடிக்க நான் கற்றுக்கொண்டது அந்தச் சாயங்காலத்தில்தான்.

எதிரணியினர் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கேம்பஸ் வேலைக்கு நிறுவனங்கள் வரிசையில் நிற்பது பெருநகரத்தில்தான். நாங்கள் நேர்காணலுக்காக ராத்திரி ரயிலேறி, எழும்பூர் ஸ்டேஷனில் முகம் கழுவிக்கொண்டு ஓடியவர்கள். அது கஷ்டம்தான். ஆனால் அந்தக் கஷ்டம் வருஷத்துக்கு நாலு நாள். தாம்பரத்துக்கு அப்பால் வீடும் நகரின் மறுகோடியில் கல்லூரியுமாக, போகவும் வரவும் மூன்று மணி நேரம் தொங்குகிறவருக்கு அது தினப்படி. அந்த நேரத்தில் நாங்கள் லேபில் இருந்தோம். சரி, சில நாள் கண்மாய்க் கரையிலும் இருந்தோம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடிக்கிறேன். அடுத்து பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. நாலாயிரம் பேர் படித்த உங்கள் கல்லூரியில், உங்கள் துறைத் தலைவருக்கு உங்கள் பெயர் தெரியுமா? ரோல் நம்பர் இல்லை ஐயா, பெயர். வந்து சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.