தூளின் மேற்பரப்பும் பாலாற்று மண்ணும்

வணக்கம் நேயர்களே.

நான் பிறந்து வளர்ந்தது வாலாஜாபேட்டை. அப்பா ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டு போவது என் வேலை. அங்கே ஒரு பெரிய தொட்டி இருக்கும். அதில் பைக்ரோமேட் கரைசல், நல்ல ஆரஞ்சு நிறம். அதில் கந்தக அமிலத்தைச் சேர்த்துவிட்டு வெல்லப்பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். தொட்டி தானாகவே சூடாகிப் பொங்கும். ஆரஞ்சு பழுப்பாகும், பழுப்பு போய்க் கரும்பச்சை வரும். அப்பா ஒரு குச்சியால் தொட்டு, பீங்கான் தட்டில் ஒரு சொட்டு வைத்து, வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். சொட்டின் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தால், "இன்னும் ஆகலம்மா" என்பார். அந்தப் பச்சைச் சாற்றில் ஊறி வெளிவரும் தோலுக்குத்தான் வெட் ப்ளூ என்று பெயர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அந்தச் சொல் தெரியாத வீடு குறைவு.

பல வருடம் கழித்து, வேதியியல் படித்து, ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைக் கருவியின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் அப்பா என்ன செய்தார் என்பது எனக்கு விளங்கியது. ஆரஞ்சிலும் மஞ்சளிலும் இருப்பது ஆறு மின்சுமை கொண்ட குரோமியம். பச்சையிலும் நீலத்திலும் இருப்பது மூன்று மின்சுமை கொண்ட குரோமியம். தனிமம் ஒன்றுதான். முன்னது கரைந்து நிலத்தடி நீரோடு ஓடும், உடம்புக்குக் கெடுதல், புற்றுநோய் வரை கொண்டு போகும். பின்னது பெரும்பாலும் தோலிலும் மண்ணிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும், நச்சும் குறைவு. இரண்டையும் பிரித்துக் காட்டியது ஒரு சொட்டு வழியாக வந்த வெயில்.

இன்றைக்கு நான் பேச வந்தது ஆக்சைடு வினையூக்கிகளைப் பற்றி. அதாவது, அலுமினியம், சிலிக்கான், டைட்டானியம், வனேடியம், குரோமியம் போன்றவை ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் திடப்பொருள்களில் சில, பக்கத்தில் வரும் வாயுக்களை வேகமாக வினைபுரிய வைக்கும். வினை முடிந்தபின் தாம் மிஞ்சி நிற்கும். பிளாஸ்டிக் குடத்துக்கு வேண்டிய புரோப்பிலீன் முதல் உரத்துக்கு வேண்டிய கந்தக அமிலம் வரை தயாரிப்பதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரிக்கத் தொடங்கியது 1906-இல். அந்த உரத்துக்கு ஆதாரம் கந்தக அமிலம். இன்று உலகெங்கும் அந்த அமிலத்தைத் தயாரிக்கும் ஆலைகளில், கந்தக டை ஆக்சைடை அடுத்த படிக்கு ஏற்றுவது வனேடியம் ஆக்சைடு கலந்த வினையூக்கிதான்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வாயு வந்து தொடுவது திடப்பொருளின் மேல் அடுக்கை மட்டும். உள்ளே இருக்கும் அணுக்களுக்கு வெளியில் யார் வந்தார் என்பதே தெரியாது. ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள படிகத்தை எடுத்துக்கொண்டால், பத்து லட்சம் அணுக்களில் ஒன்றிரண்டுதான் மேலே இருக்கும். அதனால் வினையூக்கியை நுண்துளைகள் நிறைந்த தூளாகச் செய்கிறார்கள். வினையூக்கிகளைத் தாங்கும் காமா அலுமினா என்ற வெள்ளைத் தூளில் ஒரு கிராம், டீஸ்பூனில் பாதிகூட வராது. அதன் துளைகளின் உட்சுவர் எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஏறக்குறைய 200 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஒரு கிரவுண்டு மனை உங்கள் உள்ளங்கையில்! சத்துவாச்சாரியில் மனை விலை கேட்டவர்களுக்கு அது எவ்வளவு இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மனையில் எந்த மூலையில் வேலை நடக்கிறது? அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில்.

நம் வீட்டு வாசலில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போடுகிறோம், சிவந்து விடுகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைத் தொட்டதும் தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது. அந்தச் சிவப்பு, குர்குமின் யாரைச் சந்தித்தது என்று சொல்கிறது. ஆக்சைடு தூளிடமும் இப்படியே கேட்கலாம். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மூலக்கூறை அதன்மேல் அனுப்பிவிட்டு, போய் ஒட்டிய பிறகு அந்த மூலக்கூறு எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்பது. அப்படித் தூது போகும் மூலக்கூறுகளில் பேர் போனது பிரிடீன். நாற்றம் பொறுக்க முடியாது, ஆனால் நேர்மையான தூதர். தூளின்மேல் ஒரு புரோட்டானைக் கொடுக்கத் தயாராக இருக்கும் அமில இடம் இருந்தால் பிரிடீன் அதை வாங்கிக்கொள்ளும். அப்போது அகச்சிவப்பு நிறமாலையில் சென்டிமீட்டருக்கு 1540 அலைகள் என்ற இடத்தில் ஒரு கோடு விழும். எலக்ட்ரான் பற்றாக்குறையோடு நிற்கும் அலுமினியம் போன்ற இடம் இருந்தால் பிரிடீன் தன் எலக்ட்ரான்களைக் கொண்டுபோய் அங்கே பிணைந்துகொள்ளும். கோடு 1450 பக்கம் விழும். காமா அலுமினாவில் 1450 மட்டும்தான் வரும். சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்து உருவான தூளில் இரண்டும் வரும். இரண்டு தூளும் வெள்ளைதான். கண்ணுக்கும் கைக்கும் வேறுபாடு கிடையாது. முதல் தடவை அந்த இரண்டு கோடுகளையும் அருகருகே பார்த்தபோது எனக்கு நிஜமாகவே மெய் சிலிர்த்தது.

அகச்சிவப்புக் கதிரை இப்படித் தூளின் மேற்பரப்பைப் பார்க்கப் பயன்படுத்தலாம் என்பதற்கு 1940-களில் லெனின்கிராடில் தெரெனின் வழி போட்டார். 1950-களில் அமெரிக்காவில் ஐஷன்ஸும் அவரோடு இருந்தவர்களும், சிலிக்காவில் தாங்கிய உலோகத்தின்மேல் ஒட்டிய கார்பன் மோனாக்சைடின் நிறமாலையை எடுத்தார்கள். நான்கைந்து தலைமுறை ஆராய்ச்சி மாணவர்களின் பிழைப்பு அங்கே தொடங்கியது என்றே சொல்லலாம்.

நிறமாலையில் நமக்கென்று ஒரு சொந்தமும் உண்டு. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் அறிவித்த விளைவு. ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வெளிவருகிறது. மாற்றத்தின் அளவு அந்தப் பொருளின் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பதைச் சொல்கிறது. அன்று அவரிடம் இருந்தவை வெயிலும் பாதரச விளக்கும். இன்று லேசர் இருப்பதால், டைட்டானியம் ஆக்சைடின்மேல் ஒரே அணு அடுக்காகப் பரவியிருக்கும் வனேடியத்தைக்கூட இந்த விளைவு காட்டிவிடுகிறது. அனல் மின் நிலையப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அம்மோனியாவால் ஒழிக்கும் வினையூக்கியின் அடிப்படை இந்த ஜோடிதான். அங்கே ஒரு வனேடியமும் ஓர் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் மேல்நோக்கி நிற்கும். அதன் கோடு, அதே சென்டிமீட்டர் கணக்கில், 1030 பக்கம். வனேடியத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் அது பரவ இடமில்லாமல் கட்டியாகி, தனிப் படிகமாக உட்கார்ந்துவிடும். உடனே 995 பக்கம் ஒரு கூர்மையான கோடு எழும். சதுர நானோமீட்டருக்கு ஏழெட்டு வனேடியம் வரை பரவும், அதற்கு மேல் கட்டி. தோசைக்கல்லில் எண்ணெய் தடவும்போது அளவு மீறினால் நடுவில் தேங்குமே, அதுபோல.

இங்கே என் ஆராய்ச்சி நாளில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்னையில் ஐப்பசி மழை. நான் உலையில் சுட்டெடுத்த வனேடியம் தூளைத் தட்டில் வைத்து, வராந்தா வழியாக நடந்து, பக்கத்துக் கட்டிடத்தில் இருந்த ராமன் கருவிக்குக் கொண்டு போனேன். 1030-இல் வர வேண்டிய கோடு வரவில்லை. அதற்குக் கீழே அகலமாக வேறொன்று வந்தது. புதுச் சேர்மம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மூன்று வாரம் நோட்டுப் புத்தகத்தில் அதையே எழுதினேன், ஊருக்குக் கடிதம்கூடப் போட்டேன். கடைசியில் என் வழிகாட்டி ஒரே கேள்வி கேட்டார்: "வராந்தாவில் எவ்வளவு நேரம் நடந்தாய்?" மழைக்காலத்தில் மூடாமல் வைத்த உப்பு ஜாடி என்ன ஆகும் என்பது எந்த வீட்டிலும் தெரியும். என் தூளும் அதே போல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. மேல் அடுக்கில் இருந்த வனேடியம் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து தன் உருவத்தையே மாற்றிக்கொண்டிருந்தது. நான் மூன்று வாரமாக ஆராய்ந்தது மழையை.

அதன் பிறகு தூளைக் குவார்ட்ஸ் சன்னல் வைத்த சிறு கலத்தில் போட்டு, ஆக்சிஜன் ஓட, 400 டிகிரிக்குச் சூடாக்கி, அங்கேயே நிறமாலை எடுத்தேன். 1030 வந்து நின்றது. இன்று இந்தத் துறையில் எல்லாரும் வற்புறுத்துவது இதைத்தான்: வினையூக்கியை அது வேலை செய்யும் சூட்டிலும், வாயு ஓடும்போதும், விளைபொருள் எவ்வளவு வருகிறது என்று அளந்துகொண்டும் பார்க்க வேண்டும். ஆறவைத்து எடுத்து வந்த தூளின் நிறமாலையை மட்டும் வைத்து எழுதிய கட்டுரையை நான் இப்போதும் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

வேலை செய்யும்போது பார்ப்பதில் என்ன கிடைக்கும் என்பதற்குக் குரோமியமே நல்ல சாட்சி. அலுமினாவின்மேல் குரோமியம் தாங்கிய வினையூக்கி, புரோப்பேனிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்துப் புரோப்பிலீன் தரும். காற்றில் சுட்டு எடுத்ததும் அது மஞ்சள். உலையில் 550, 600 டிகிரியில் புரோப்பேன் வந்து தொட்டதும், மஞ்சள் மறைந்து பச்சை வரும். இந்தத் தூள், கோலமாவு போல, ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அப்படிச் சிதறி வரும் ஒளியைத் திரட்டிப் பார்த்தால், புறஊதாவில் 370 நானோமீட்டர் பக்கம் இருந்த ஆறு சுமைக் குரோமியத்தின் பட்டை தேய்வதும், 600 பக்கம் மூன்று சுமைக் குரோமியத்தின் பட்டை எழுவதும் தெரியும். புரோப்பிலீனைத் தருவதில் பெரும்பங்கு இந்தப் பச்சைக்குத்தான். சில நிமிடத்தில் மேலே கரி படிந்து வேலை மந்தமாகும். காற்றை விட்டுக் கரியை எரித்தால், குரோமியத்தில் ஒரு பகுதி மறுபடி மஞ்சளாகும். பிறகு மறுபடி பச்சை. அப்பா பாகு விட்ட அந்தத் தொட்டி இங்கே நிமிடத்துக்கு நிமிடம் நடக்கிறது, தண்ணீரே இல்லாமல், ஒரு தூளின் மேல் அடுக்கில்.

இப்போது பாலாற்றுக்கு வருகிறேன். என் மனதில் இதற்குத்தான் முதல் இடம்.

2006-இல் பிளாக்ஸ்மித் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு உலகில் மிக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, ராணிப்பேட்டை அதில் இருந்தது. ஆறு சுமைக் குரோமியம் உள்ள குரோமேட் கழிவை மண்ணில் கொட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மொத்தம் என்ற அந்த எண்ணில் மஞ்சளும் பச்சையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒரு கிணற்றில் எந்தக் குரோமியம் எவ்வளவு, அது எங்கே போகப்போகிறது என்பதை அந்த எண் சொல்லாது.

அது எங்கே போகும் என்று தீர்மானிப்பதில் பெரும் பங்கு, மண்ணில் இருக்கும் ஆக்சைடுகளின் மேற்பரப்புக்கு. மாங்கனீசு ஆக்சைடு மண்ணில் கருப்புப் பூச்சாக இருக்கும். மூன்று சுமைக் குரோமியம் கரைந்து வந்து அதன்மேல் ஒட்டினால், அந்தப் பரப்பிலேயே எலக்ட்ரான்களை இழந்து, ஆறு சுமையாகி வெளியேற முடியும். இரும்பின் இரண்டு சுமை வடிவமும், மக்கிய இலைதழையும் எதிர்த்திசையில் வேலை செய்து, மஞ்சளைப் பச்சையாக்கும். ஆகவே நம் ஏரி வண்டலும் ஆற்று மண்ணும், யாரும் கேட்காமலே வேலை செய்யும் ஆக்சைடுகள். அவற்றின் மேற்பரப்பில் எந்தக் குரோமியம் என்று கேட்க எக்ஸ்-கதிர் உண்டு. குரோமியம் எக்ஸ்-கதிரை விழுங்கும் வரம்புக்குச் சற்று முன்னால், 5993 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் பக்கம், ஆறு சுமைக் குரோமியம் ஒரு தனி முனையைக் காட்டும். மூன்று சுமையில் அது இருந்தும் இல்லாத அளவு. மண்ணைக் கரைக்கவோ பிரிக்கவோ வேண்டாம். இந்தூரில் வலிமையான எக்ஸ்-கதிரைத் தரும் இந்தஸ்-2 என்ற பெரிய சின்க்ரோட்ரான் கருவி இருக்கிறது, இந்த அளவீட்டுக்கான வசதியோடு. நம் மாவட்ட மண்ணை அங்கே அனுப்பிக் கேட்கும் வேலையை, இங்கே உள்ள கல்லூரி மாணவர்கள் எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு முன் சின்னதாக ஒன்று செய்கிறோம். டைஃபீனைல் கார்பசைடு என்ற வினைபொருள், அமிலம் சேர்த்த தண்ணீரில் ஆறு சுமைக் குரோமியம் இருந்தால் மட்டும் செவ்வூதா நிறம் தரும். 540 நானோமீட்டரில் அளந்தால் எவ்வளவு என்றும் தெரியும். சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் உள்ள கருவியே போதும். வாலாஜாவிலிருந்து வரும் ஒரு மாணவி, தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டு வந்து, "மேடம், எங்க வீட்ல எந்தக் குரோமியம்?" என்று கேட்டதில் தொடங்கியது இது. இப்போது ஆய்வகச் சன்னல் ஓரத்தில் வரிசையாகப் பாட்டில்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் கிணற்றின் பெயர், எடுத்த தேதி, முந்தின வாரம் மழை உண்டா இல்லையா என்று எழுதியிருக்கிறோம். மழைக்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டும் என்று சொன்னவள் அந்த மாணவிதான். கார்த்திகை பிறந்ததும் அதே கிணறுகளுக்கு மறுபடி போகிறோம்.