பீட்டில்ஸின் முதல் படம் ஏன் இன்னும் பழசாகவில்லை?

[திரை இருட்டு. ஒரே ஒரு கிட்டார் அதிர்வு. அது அடங்கும் முன்பே ஒரு லண்டன் தெரு, கறுப்பு வெள்ளையில்.]

மூன்று இளைஞர்கள் கேமராவை நோக்கித் தலைதெறிக்க ஓடிவருகிறார்கள். பின்னால் ஒரு ரசிகர் பட்டாளம். ஜார்ஜ் ஹாரிசனுக்குக் கால் இடறுகிறது. கோட்டும் சூட்டுமாகத் தரையில் விழுகிறார். அவர்மேல் தடுக்கி ரிங்கோ ஸ்டாரும் விழுகிறார். முன்னால் போய்விட்ட ஜான் லெனன் திரும்பிப் பார்க்கிறார், சிரிக்கிறார், ஆனால் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

ஒத்திகை பார்த்து விழுந்ததல்ல இது. ஜார்ஜ் நிஜமாகவே விழுந்தார். வேறு இயக்குநர் என்றால் "ஒன்ஸ் மோர்" கேட்டிருப்பார். ரிச்சர்ட் லெஸ்டர் அதை அப்படியே எடுத்துப் படத்தின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டார்.

வணக்கம். இன்றைக்கு நாம் பேசப்போவது 1964இல் வந்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' பற்றி. லிவர்பூல் ஊரைச் சேர்ந்த பிரிட்டிஷ் ராக் இசைக்குழு பீட்டில்ஸ் நடித்த முதல் படம். ஓடும் நேரம் 87 நிமிடம். கதை என்று கேட்டால் ஒரே வரிதான்: நான்கு பாடகர்கள் ரயிலேறி லண்டன் வருகிறார்கள், ஒரு டிவி நிகழ்ச்சியில் பாடுகிறார்கள், கிளம்பிப் போகிறார்கள். இதில் என்ன இருக்கிறது என்று அறுபது வருடமாக ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்?

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தை யாரும் கலைக்காக எடுக்கவில்லை. யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற அமெரிக்கப் பட நிறுவனத்துக்கு வேண்டியிருந்தது பீட்டில்ஸின் இசைத்தட்டு. இசைத்தட்டு நிறுவனத்தோடு பீட்டில்ஸ் போட்டிருந்த ஒப்பந்தத்தில் சினிமாப் பாடல்கள் பற்றிய பிடி தளர்வாக இருந்தது. ஒரு படம் எடுத்தால் அதன் பாடல் தட்டை யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸே அமெரிக்காவில் விற்கலாம். ஆக, தட்டுக்காகத்தான் படம். செலவு சுமார் 2 லட்சம் பவுண்டுக்குள் முடிய வேண்டும், அதனால் கறுப்பு வெள்ளை. பீட்டில்ஸ் மோகம் எத்தனை மாதம் தாங்கும் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லாததால், அந்தக் கோடைக்குள் தியேட்டருக்கு வந்தாக வேண்டும். 1964 மார்ச் 2ஆம் தேதி லண்டன் பேடிங்டன் ரயில் நிலையத்தில் படப்பிடிப்பு தொடங்கியது. ஏப்ரல் 24இல் முடிந்தது. ஜூலை 6இல் லண்டன் பெவிலியன் தியேட்டரில் முதல் காட்சி. அமெரிக்காவில் அதற்குப் பத்து நாள் முன்பே பாட்டுத் தட்டு கடைக்கு வந்துவிட்டது!

அவசரத்தில் செய்த சமையல் வழக்கமாக எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். இங்கே அந்த அவசரமே கைகொடுத்தது. எப்படி என்று பார்ப்போம்.

[திரையில்: ரயில் பெட்டிக்குள் நால்வர்.]

திரைக்கதை எழுதியவர் அலுன் ஓவன். வேல்ஸில் பிறந்தவர், லிவர்பூல் பேச்சை நன்றாக அறிந்த நாடக ஆசிரியர். 1963 நவம்பரில் பீட்டில்ஸ் டப்ளினுக்குக் கச்சேரிக்குப் போனபோது அவரும் கூடவே போனார். ஹோட்டல் அறையில் எப்படி இருக்கிறார்கள், காரில் என்ன பேசுகிறார்கள், யார் யாரைச் சீண்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டார். நால்வருக்கும் நடிப்புப் பயிற்சி கிடையாது. நீளமான வசனம் கொடுத்தால் சொதப்பிவிடுவார்கள் என்பதால், ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, இரண்டு வரி. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடிப்பார். நடிக்கத் தெரியாததை மறைக்கச் செய்த ஏற்பாடு இது. திரையில் அது என்னவாக ஆனது தெரியுமா? சிறுவயதிலிருந்து ஒன்றாகத் திரிந்த நண்பர்கள் பேசிக்கொள்வது போலவே ஆகிவிட்டது.

லெஸ்டரோ அமெரிக்கர், ஃபிலடெல்ஃபியாக்காரர். லண்டனில் குடியேறி நேரலைத் தொலைக்காட்சியிலும் விளம்பரப் படங்களிலும் வேலை செய்தவர். 1959இல் பீட்டர் செல்லர்ஸ், ஸ்பைக் மில்லிகன் ஆகியோருடன் சேர்ந்து ஒரு குட்டிக் கிறுக்குப் படம் எடுத்திருந்தார். அந்த இருவரின் வானொலி நகைச்சுவையைக் கேட்டு வளர்ந்தவர் ஜான். லெஸ்டர் பெயரைச் சொன்னதும் பீட்டில்ஸ் தலையாட்டியதற்கு அந்தக் குட்டிப் படம்தான் காரணம்.

அந்தக் கிறுக்கு இந்தப் படத்திலும் உண்டு. ரயிலில் ஒரு கனவான் வந்து உட்கார்கிறார். ஜன்னலை மூடுகிறார், ரேடியோவை அணைக்கிறார், வாரத்துக்கு இரண்டு முறை இந்த ரயிலில் வருகிறேன் என்று உரிமை பேசுகிறார். அடுத்த நொடி பீட்டில்ஸ் பெட்டிக்கு வெளியே, ஓடும் ரயிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே, "சார், எங்கள் பந்தைக் கொடுங்கள்" என்று கத்துகிறார்கள். எப்படி வெளியே போனார்கள்? படம் சொல்லாது. ஜான் குளியல் தொட்டியில் விளையாடிக்கொண்டிருப்பார். தண்ணீர் வடிந்து தீரும். தொட்டியில் ஜான் இருக்கமாட்டார்! அதற்கும் விளக்கம் கிடையாது.

அந்தக் கனவான், "உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் போரில் சண்டை போட்டேன்" என்று குத்திக்காட்டுவார். ரிங்கோ, "ஜெயித்ததற்காக இப்போது வருத்தப்படுவீர்களே" என்பார். இதை வெறும் வாய்த்துடுக்கு என்று கடந்துவிட முடியாது. நால்வரும் 1940க்கும் 1943க்கும் இடையில், போர்க்கால லிவர்பூலில் பிறந்தவர்கள். பிரிட்டனில் ரேஷன் 1954 வரை நீடித்தது. பெரியவர்களின் போர்க்கதையைக் கேட்டே வளர்ந்த தலைமுறை, முதல் முறையாக ஒரு பெரியவரைப் பார்த்து, கத்தாமல், கோபப்படாமல், சிரித்துக்கொண்டே பதில் சொன்னது.

அப்புறம் பத்திரிகையாளர் சந்திப்பு. "அமெரிக்காவை எப்படிக் கண்டீர்கள்?" என்று ஒருவர் கேட்பார். "கிரீன்லாந்தில் இடப்பக்கம் திரும்பினோம், கண்டோம்" என்பார் ஜான். "இந்த முடிவெட்டுக்கு என்ன பெயர்?" "ஆர்தர்" என்பார் ஜார்ஜ். 

இந்த லிவர்பூல் உச்சரிப்பு அமெரிக்கர்களுக்குப் புரியாது, வேறு குரல் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்ததாம். டெக்ஸஸ் கௌபாய் பேசுவது எங்களுக்குப் புரிகிறது, நாங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியாதா என்று நால்வரில் ஒருவரான பால் மெக்கார்ட்னி கேட்டதாகச் சொல்வார்கள். நல்லவேளை, டப்பிங் நடக்கவில்லை. இந்தப் படத்திலிருந்து அந்தக் குரல்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

கூடவே வரும் பாலின் தாத்தாவை மறக்கக் கூடாது. வில்ஃப்ரிட் பிராம்பெல் நடித்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் "தாத்தா ரொம்பச் சுத்தமானவர்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நமக்குச் சட்டென்று புரியாது. அப்போது ஒரு பிரபலமான பிபிசி தொடரில் பிராம்பெல்லை அவருடைய மகன் "அழுக்குக் கிழவா" என்றே கூப்பிடுவார், அதற்கு எதிர்ப்பாட்டு இது. இன்னொரு வேடிக்கை: இந்தத் 'தாத்தா'வுக்கு அப்போது வயது 52தான்.

ஆனால் படத்தின் சாவி அந்தத் தாத்தா வாயிலிருந்துதான் வருகிறது. ஊர் பார்க்கலாம் என்று வந்தேன், இதுவரை நான் பார்த்தது ஒரு ரயிலும் ஒரு அறையும், ஒரு காரும் ஒரு அறையும், ஓர் அறையும் இன்னோர் அறையும் என்று புலம்புவார். இதன் விதை ஜானிடமிருந்து வந்தது. ஸ்வீடன் போய்வந்தீர்களே, எப்படி இருந்தது என்று லெஸ்டர் கேட்டபோது, கார், அறை, கச்சேரி, ஒரு சீஸ் சாண்ட்விச் என்கிற மாதிரிதான் ஜான் பதில் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகு படத்தைத் திரும்பப் பாருங்கள். எத்தனை அறைகள்! ரயில் பெட்டி, ஹோட்டல் அறை, ஒப்பனை அறை, ஸ்டுடியோ. தாழ்ந்த கூரை, மூடிய கதவு, வெளியே அலறல். மேனேஜர் வந்து, ரசிகர் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் வெளியே போகக் கூடாது என்பார். உலகத்திலேயே பிரபலமான நான்கு பேருக்கு வீட்டுப்பாடம்! படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த ஏப்ரல் 4ஆம் தேதி, அமெரிக்க பில்போர்டு பட்டியலின் முதல் ஐந்து இடங்களிலும் இருந்தவை இவர்களுடைய பாட்டுகள்தான். அதே வாரம் இவர்கள் லண்டனில் ஓர் அறையில் அடைபட்டிருப்பதாக நடித்துக்கொண்டிருந்தார்கள். நடித்தார்கள் என்று சொல்லலாமா என்பதே சந்தேகம்.

[திரையில்: இரும்புப் படிக்கட்டு. கதவு திறக்கிறது.]

அதனால்தான் அந்தக் காட்சி அப்படி வேலை செய்கிறது. ஒத்திகைக்கு நடுவே ஒரு கதவு கண்ணில் படுகிறது. திறந்தால் வெளிப்புற இரும்புப் படிக்கட்டு. "வெளியே வந்துட்டோம்!" என்று ரிங்கோ கத்துகிறார். 'கான்ட் பை மீ லவ்' தொடங்குகிறது. நால்வரும் தடதடவென்று இறங்கி ஒரு புல்வெளிக்கு ஓடுகிறார்கள். அங்கே செய்வது எதற்கும் அர்த்தம் கிடையாது. குதிக்கிறார்கள், உருள்கிறார்கள், பந்தயம் விடுகிறார்கள். கேமரா திடீரென்று வானத்துக்குப் போய் ஹெலிகாப்டரிலிருந்து பார்க்கிறது. படம் வேகமாக ஓடுகிறது, மெதுவாகிறது. ஒருவர்கூட உதட்டை அசைத்துப் பாடவில்லை.

கவனியுங்கள், முக்கியமான விஷயம் அதுதான். அதுவரை வந்த ராக் அண்ட் ரோல் படங்களில் பாடகர் கிட்டாரோடு நின்று பாடுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். இங்கே பாட்டு ஓர் உணர்ச்சியாக மேலே ஓடுகிறது, உருவங்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஓடுகின்றன. மாண்டேஜ் பாட்டு என்று இன்றைக்கு நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதை ராக் இசைக்கு இவ்வளவு சந்தோஷமாகச் செய்து காட்டியது இந்தச் சில நிமிடங்கள்தான். பின்னாளில் எம்டிவி என்ற இசை வீடியோ சேனல் லெஸ்டருக்கு 'எம்டிவியின் தந்தை' என்று பட்டயம் கொடுத்தது. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாராம் அவர்.

அந்தக் காட்சி எப்படி முடிகிறது? ஒரு பெரிய மனிதர் வந்து, இது தனியார் இடம் தெரியுமா என்கிறார். உங்கள் புல்வெளிக்கு அடிபட்டிருந்தால் மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜார்ஜ் போகிறார். மறுபடியும் அறை.

இன்னொரு இடத்தில் இதே விஷயம் வேறு சுருதியில் வருகிறது. தாத்தாவின் தூண்டுதலில் ரிங்கோ மட்டும் தனியாக வெளியே போய்விடுவார். பழைய கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையில் கேமராவுடன் தேம்ஸ் கரையில் நடப்பார். பள்ளிக்கு மட்டம் போட்ட ஒரு பையனோடு கொஞ்ச நேரம் பேசுவார். யாரும் துரத்தவில்லை. புல்வெளியில் கிடைத்த விடுதலை இங்கே தனிமையாக மாறியிருக்கும். விமர்சகர்கள் ரிங்கோவின் சோக முகத்தைச் சாப்ளினோடு ஒப்பிட்டார்கள். ரிங்கோ சொன்ன விளக்கம் வேறு: இரவு முழுக்க நைட் கிளப்பில் இருந்துவிட்டு நேராகப் படப்பிடிப்புக்கு வந்தாராம், நிற்கவே தெம்பில்லையாம். ஜார்ஜ் விழுந்தது மாதிரிதான் இதுவும். கிடைத்ததை லெஸ்டர் விடவில்லை.

பாலுக்கும் தனியாக ஒரு காட்சி எடுத்தார்கள். அது படத்தொகுப்பில் போய்விட்டது. நால்வரில் அதிகமாக நடிக்க முயன்றவர் அவர்தான் என்பது என் கணிப்பு.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு ரிங்கோ "கஷ்டமான பகல்" என்று தொடங்கி, வெளியே இருட்டியிருப்பதைப் பார்த்து "...உடைய இரவு" என்று முடித்ததில் பிறந்தது அது. தலைப்புக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றதும் ஜான் மறுநாளே எழுதிக்கொண்டுவந்தார். மகன் ஜூலியனின் முதல் பிறந்தநாள் வாழ்த்து அட்டையில் கிறுக்கியிருந்தார் அந்த வரிகளை. அந்த அட்டை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பாட்டின் முதல் அதிர்வு எந்தெந்தச் சுரங்களால் ஆனது என்று இசைக்காரர்கள் பல வருடம் சண்டை போட்டார்கள். 2004இல் கனடாவின் ஒரு கணிதப் பேராசிரியர் ஃபூரியர் பகுப்பாய்வு, அதாவது ஓசையைத் தனித்தனி அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு, செய்து, அதில் கிட்டார்களோடு இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் பியானோவும் கலந்திருக்கிறது என்றார். ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்த பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் கிட்டாரைத் திரையில் பார்த்துவிட்டுத்தான் பைர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வின் அதே மாதிரி ஒன்று வாங்கினார். நாட்டுப்பாடலும் ராக்கும் கலந்த அமெரிக்க ஃபோக் ராக்கின் ஓசையே அதற்கப்புறம் மாறியது.

சரி, இதே ஆட்கள், இதே இயக்குநர், அடுத்த வருடம் 'ஹெல்ப்!' எடுத்தார்கள். கலர் படம், கூடுதல் பணம், ஆஸ்திரியாவில் பனிமலை, பஹாமாஸில் கடற்கரை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் படத்திலேயே நாங்கள் துணை நடிகர்கள் மாதிரி ஆகிவிட்டோம் என்று ஜான் பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார். இடம் தாராளமாக இருந்தது, தப்பித்து ஓடுவதற்கு அடைத்துவைத்த அறைதான் இல்லை.

[திரையில்: புறப்படும் ஹெலிகாப்டர்.]

முதல் படத்தின் கடைசிக் காட்சிக்கு வருவோம். கச்சேரி முடிகிறது. வியர்வை காயவில்லை. அடுத்த ஊரில் நிகழ்ச்சி என்று மேனேஜர் விரட்டுகிறார். நால்வரும் ஓடி ஹெலிகாப்டரில் ஏறுகிறார்கள். நிஜத்தில் இந்த ஓட்டம் இன்னும் இரண்டு வருடம் நீடித்தது. 1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் பாடிவிட்டுச் சுற்றுப்பயணத்தையே நிறுத்திக்கொண்டார்கள். படத்தில் அதெல்லாம் இன்னும் நடக்கவில்லை. தாத்தா திருட்டுத்தனமாகப் போலிக் கையெழுத்துப் போட்டு விற்க வைத்திருந்த புகைப்படங்களை மேலிருந்து கொட்டிவிடுகிறார்கள். ஹெலிகாப்டர் மேலே போகிறது. நால்வர் முகமும் காற்றில் சுழன்று சுழன்று நம்மேல் விழுகின்றன.